கப்பமா, கப்பலா?

லண்டனில் 1786 பிப்ரவரி மாதத்தில் ஒரு மாலை. அமெரிக்கத் தூதர் ஜான் ஆடம்ஸ், வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த திரிப்போலி அரசின் தூதர் அப்துர் ரஹ்மானின் வாசலில் தம் பெயர்ச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனார். வீட்டுக்காரர் உள்ளே இருந்தார், அழைத்துவிட்டார். கணப்புக்கு முன்னால் இரண்டு பெரிய நாற்காலிகள், ஆளுக்கொரு புகைக்குழாய். குழாயின் தண்டு மட்டும் இரண்டு கஜத்துக்கு மேல் நீளம். கிண்ணத்தைக் கம்பளத்தில் ஊன்றிக்கொண்டு, அவர் ஓர் இழுப்பு இழுக்க இவர் ஓர் இழுப்பு இழுக்க, காபி வரும் வரை இருவரும் ராஜ தோரணையில் புகைவிட்டார்கள். காபி ஒரு வாய், புகை ஒரு வாய் என்று ஆடம்ஸ் மாற்றி மாற்றிச் செய்த நேர்த்தியில் சொக்கிப்போன தூதரின் காரியதரிசி, "ஐயா, நீங்கள் துருக்கியரேதான்!" என்று பிரெஞ்சில் வியந்தாராம். ஆடம்ஸே கடிதத்தில் எழுதி வைத்த காட்சி இது.

மறுமாதம் பாரிஸிலிருந்து, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனும் வந்து சேர, அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்காமல் விட என்ன விலை என்ற பேச்சு வந்தது. ஓராண்டுச் சமாதானம் 12,500 கினி (பிரிட்டனின் தங்க நாணயம்). நிரந்தரச் சமாதானம் 30,000 கினி. இரண்டில் எதை எடுத்தாலும் தூதருக்குப் பத்து சதவீதம் தனி. இது திரிப்போலிக்கு மட்டும். துனிஸுக்கும் இதே அளவு. அல்ஜியர்ஸும் மொராக்கோவும் வேறு. நான்கையும் முடித்துவிட்டு வாருங்கள் என்று அமெரிக்கக் காங்கிரஸ் இருவருக்கும் ஒதுக்கியிருந்த மொத்தத் தொகையோ 80,000 டாலர். திரிப்போலியின் நிரந்தர விலை ஒன்றே அதை வெகுதூரம் தாண்டியது.

என்ன செய்வது? அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த நாட்டை உறுத்திய கேள்வி இதுதான். அதன் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பாடங்களில் இந்தக் கதை "கப்பம் கேட்டார்கள், அமெரிக்கா கப்பல் அனுப்பி அடித்தது" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அப்படி முடியவில்லை.

முதலில் சிக்கல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். குடியேற்ற நாடாக இருந்தவரை அமெரிக்கக் கப்பல்கள் பிரிட்டனின் கடவுச் சீட்டோடு மத்தியதரைக் கடலில் போய்வந்தன. 1783இல் விடுதலை உறுதியானதும் அந்தச் சீட்டும் போனது. சிறிய வணிகமல்ல அது. ஜெஃபர்சன் பின்னாளில் காங்கிரஸுக்குக் கொடுத்த கணக்குப்படி, விடுதலைப் போருக்கு முன் அமெரிக்கா ஏற்றுமதி செய்த கோதுமையிலும் மாவிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, உப்பிட்டும் உலர்த்தியும் அனுப்பிய மீனில் நான்கில் ஒரு பங்கு மத்தியதரைத் துறைமுகங்களுக்குப் போயின. ஆண்டுக்கு எண்பது முதல் நூறு கப்பல், 1,200 மாலுமிகள்.

மத்தியதரைக் கடலின் வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்தவர்களைக் "கடற்கொள்ளையர்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் உரிமம் பெற்றுப் போனவர்கள். அல்ஜியர்ஸ், துனிஸ், திரிப்போலி மூன்றும் உஸ்மானியப் பேரரசின் பெயரளவு ஆளுகையில் இருந்த அரசுகள். மொராக்கோ தனி அரசு. உடன்படிக்கை இல்லாத நாட்டின் கப்பல் அவர்கள் சட்டப்படி பகைக் கப்பல். பிடிபட்டவர்களை அடிமைகளாக வைத்துப் பணயத் தொகை கேட்பார்கள். மால்டாவின் கிறித்தவ வீரர்களும் எதிர்ப்பக்கக் கப்பல்களிடம் இதே தொழிலைத்தான் செய்தார்கள். இதைக் கண்டு கொதித்த அமெரிக்காவிலோ 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் அடிமைகள்.

தமிழில் கப்பம் என்றால் சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுவது. இலங்கைச் செய்தித்தாள்களிலோ மிரட்டிப் பறிக்கும் பணத்துக்கும் கப்பம் என்றே பெயர். ஐரோப்பியர் பார்பரிக் கரை என்று அழைத்த இந்த வட ஆப்பிரிக்கக் கரைக்கு இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தும்.

மலிவான வழி ஒன்று இருந்தது, எல்லோரிடமும் செல்லவில்லை

மொராக்கோவின் சுல்தான் சிதி முகம்மது 1777இலேயே அமெரிக்கக் கொடிக்குத் தம் துறைமுகங்களைத் திறந்துவிட்டவர். பதில் மரியாதைக்குக் காத்திருந்தார், யாரும் வரவில்லை. பொறுமை இழந்து 1784 அக்டோபரில் "பெட்ஸி" என்ற கப்பலைப் பிடித்துவைத்தார். கொள்ளைக்காக அல்ல, கவனிக்க வைப்பதற்காக. கப்பலும் ஆட்களும் மறு ஆண்டே விடுவிக்கப்பட்டார்கள். 1786இல் தாமஸ் பார்க்ளே போய் உடன்படிக்கை செய்துவந்தார். ஆண்டுக் கப்பம் கிடையாது. அன்பளிப்பு வகையறாவில் ஏறத்தாழ 20,000 டாலர் செலவு. மரியாதை கேட்டவருக்கு மரியாதை போதும் என்பது இங்கே சரியாகப் பொருந்தியது.

அல்ஜியர்ஸுக்கு இது பொருந்தாது. அங்கே கப்பலும் ஆளும் பிடிப்பதே வருமானம்.

இன்னொரு வழி, பேசாமல் இருப்பது. மத்தியதரைக் கடலுக்குப் போகாதே. போனால் வேறு கொடியின் நிழலில் போ. 1785 ஜூலையில் பாஸ்டனின் "மரியா", பிலடெல்பியாவின் "டாஃபின்" இரண்டையும் ஐந்து நாள் இடைவெளியில் அல்ஜியர்ஸ் பிடித்தது. சிறைப்பட்டவர்கள் 21 பேர். டாஃபினின் கேப்டன் ரிச்சர்ட் ஓப்ரையனையும் மரியாவின் இளம் மாலுமி ஜேம்ஸ் லியாண்டர் காத்கார்ட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் பெரிய இழப்பில்லை. காரணம் அமெரிக்காவின் சாமர்த்தியமல்ல. போர்ச்சுகல் அல்ஜியர்ஸோடு பகையில் இருந்ததால், அதன் கப்பற்படை ஜிப்ரால்டர் நீரிணையில் காவல் நின்றது. அடுத்த வீட்டு நாயின் குரைப்பில் நம் வீடும் தூங்கியது.

1793இல் போர்ச்சுகலும் அல்ஜியர்ஸும் போர்நிறுத்தம் செய்துகொண்டன. இடையில் நின்று பேசி முடித்தவர் பிரிட்டனின் பிரதிநிதி. நீரிணை திறந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் பதினொரு அமெரிக்கக் கப்பல்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் அல்ஜியர்ஸ் கையில். இரவல் நிழலில் வணிகம் செய்தவர்களின் கணக்கு ஒரே பருவத்தில் தீர்ந்தது.

ஆடம்ஸின் கணக்கும் ஜெஃபர்சனின் கணக்கும்

இனி முக்கியமான இரண்டு வழிகள்: கொடுப்பது, அடிப்பது. இரண்டையும் மிகத் தெளிவாக எடுத்துவைத்தவர்கள் 1786 ஜூலையில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே கடிதம் எழுதிக்கொண்ட இதே இரண்டு நண்பர்கள்தான்.

ஆடம்ஸின் வாதம் பச்சையான வணிகக் கணக்கு. நான்கு அரசுகளுக்கும் சேர்த்து இரண்டு லட்சம் பவுண்டு அளவில் ஒரு தடவை கொடுப்பதற்கு அஞ்சி, ஆண்டுக்குப் பத்து லட்சம் மதிப்புள்ள வணிகத்தை இழந்துகொண்டிருக்கிறோம். இது சிக்கனமே அல்ல என்றார். போர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போரிடுவதானால் என்றென்றைக்கும் போரிடத் தீர்மானித்துக்கொண்டு தொடங்க வேண்டும், அந்த உறுதி நம் மக்களிடம் இல்லை என்பதுதான் அவர் பயம்.

ஜெஃபர்சன் எட்டே நாளில் பதில் எழுதினார். நீதி, மானம், ஐரோப்பாவின் மதிப்பு என்று அடுக்கியவர், பிறகு அவரும் கணக்குக்கு வந்தார். 150 பீரங்கிகள் கொண்ட ஒரு கடற்படை. அதில் பாதி எப்போதும் கடலில் சுற்றிக்கொண்டிருக்கும். கட்டி, ஆளேற்றி, ஆறு மாதச் சோறு போட 4,50,000 பவுண்டு. அதன் பிறகு ஆண்டுக்கு 45,000. பணத்தைக் கொடுத்துவிட்டால் போய்விடும், கப்பல் மிஞ்சும்.

படிக்கும்போது ஜெஃபர்சனின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் 1786இல் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், நான் ஆடம்ஸோடுதான் நின்றிருப்பேன். விடுதலைப் போரின் கடைசிக் கப்பலான "அலையன்ஸ்" முந்தைய ஆண்டுதான் விற்கப்பட்டிருந்தது. அன்றைய கூட்டமைப்புச் சட்டப்படி காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்கள் மனமிரங்கிக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கவும் காசில்லை, அடிக்கவும் கப்பலில்லை. அல்ஜியர்ஸ் 21 பேருக்கு 59,496 டாலர் விலை சொன்னபோது, பேசப் போன அமெரிக்கப் பிரதிநிதிக்குத் தலைக்கு 200 டாலர் வரைதான் அனுமதி. கருவாட்டுக் கடையில் அரைக் காசை நீட்டிய கதை.

ஜெஃபர்சனிடம் மூன்றாவது யோசனை ஒன்றும் இருந்தது: கூட்டணி. போர்ச்சுகல், நேப்பிள்ஸ், வெனிஸ், டென்மார்க், ஸ்வீடன் போன்றவை ஆளுக்கொரு பங்கு கப்பல் கொடுத்து, முறை வைத்து அந்தக் கரையைக் காவல் காப்பது. காகிதத்தில் எல்லாவற்றையும்விட மலிவான, எல்லாவற்றையும்விட நியாயமான வழி. யோசனை சொன்ன நாட்டால் தன் பங்குக்கு ஒரு கப்பல்கூடத் தர முடியாது என்பதில் அது படுத்துவிட்டது. பெரிய கடல் நாடுகளுக்கும் இதில் அக்கறை இல்லை. தாங்கள் கப்பம் கட்டிச் சமாளித்துக்கொண்டு, சிறிய போட்டியாளர்களை மற்றவர்கள் பிடித்துப்போவதைப் பார்த்திருப்பது அவர்களுக்கு லாபம்.

ஒரே கப்பல்தளம், இரண்டு கப்பல்கள்

1793இன் அடிக்குப் பிறகுதான் உண்மையான முடிவுகள் வந்தன. இதற்குள் புதிய அரசியல் சட்டம் வந்திருந்தது, சுங்க வரி வந்துகொண்டிருந்தது. 1794 மார்ச்சில் ஆறு ஃபிரிகேட் போர்க்கப்பல்கள் கட்டக் காங்கிரஸ் சட்டம் செய்து, ஏறத்தாழ 6,88,900 டாலர் ஒதுக்கியது. சட்டத்திலேயே ஒரு கொக்கி: அல்ஜியர்ஸோடு சமாதானம் ஏற்பட்டால் கட்டுமானம் நிற்கும். மறு ஆண்டு செப்டம்பரில் சமாதானம் ஏற்பட்டது. அதன் விலை 6,42,500 டாலர். அது போக ஆண்டுதோறும் 21,600 டாலர் மதிப்புக்கு மரமும் கயிறும் வெடிமருந்துமாகக் கப்பல் தளவாடங்கள்.

இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு கப்பல் கட்ட மதிப்பிட்ட பணமும், ஒரே ஓர் அரசுக்குக் கொடுத்த பணமும் ஏறக்குறைய ஒன்று. மதிப்பீடு பொய்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆறில் ஒன்றான "கான்ஸ்டிடியூஷன்" கப்பலுக்கே கடைசியில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆனது. ஆனால் கப்பத்தின் மதிப்பீடும் அதேபோலப் பொய்த்தது. பேசிய பணம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் உடன்படிக்கையைக் கிழித்துவிடுவேன் என்று உறும, அவரை ஆற்றுவதற்காக அமெரிக்கத் தரப்பில் ஜோயல் பார்லோ 36 பீரங்கி ஃபிரிகேட் ஒன்றையே தருவதாக வாக்களித்தார். எல்லாம் சேர்ந்து செலவு பத்து லட்சம் டாலரை நெருங்கியது. கூட்டரசின் ஓராண்டு வரவே அப்போது அறுபது லட்சம் அளவில்தான்.

பார்லோ வாக்களித்த கப்பலின் பெயர் "கிரெசென்ட்". அதைக் கட்டியது நியூ ஹாம்ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில். அமெரிக்கக் கடற்படைக்கான ஆறில் ஒன்றான "காங்கிரஸ்" கட்டப்பட்டுவந்ததும் அதே போர்ட்ஸ்மவுத்தில்தான். சமாதானம் வந்ததால் ஆறில் மூன்றை மட்டும் முடிக்க விட்டார்கள். "காங்கிரஸ்" கப்பலின் வேலை நின்றது. அமெரிக்காவின் கப்பல் பாதி எலும்புக்கூடாகக் கிடக்க, அல்ஜியர்ஸின் கப்பல் அதே ஊரில் உருவாகி நீரில் இறங்கியது.

எந்த வழி மேல் என்று மட்டும் கேட்பது போதாது என்று எனக்குத் தோன்றுவது இங்கேதான். கொடுப்பதென்றால் நாள் தவறாமல் கொடுத்திருக்க வேண்டும். தவறியதற்குத் தண்டம் ஒரு போர்க்கப்பல். கட்டுவதென்றால் நிறுத்தாமல் கட்டியிருக்க வேண்டும். ஆறில் மூன்றை மட்டும் முடித்ததற்கான தண்டம் பின்னால் வந்தது. இரண்டையும் பாதிப் பாதி செய்ததுதான் மிக அதிகச் செலவு பிடித்த வழி.

அதற்காக 1795இல் கொடுத்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அடிக்கக் கப்பல் இல்லாத நாளில் கொடுத்து வாங்கிய காலம் அது. 1785இல் பிடிபட்ட மாலுமிகளில் உயிரோடு மிஞ்சியவர்கள் 1796இல்தான் விடுதலையானார்கள், பதினோரு ஆண்டு கழித்து. இந்த இடைவெளியில் விலையைக் குறைப்பதற்காக "எங்களுக்கு அவர்கள்மேல் அக்கறையில்லை" என்று நடிக்கும் உத்தியும் கையாளப்பட்டது. அடிமைகளை மீட்கும் பிரெஞ்சுத் துறவிகள் மூலம் கமுக்கமாகப் பேரம் பேசுவது ஜெஃபர்சனின் திட்டம். கைதிகளுக்கு அது நடிப்பு என்று யார் போய்ச் சொல்வது?

கொடுத்தவன் வீட்டுக் கதவு

கப்பத்தின் உண்மையான கோளாறு அதன் தொகையில் இல்லை. அது ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதில் இருக்கிறது. திரிப்போலியின் பாஷா, அதாவது ஆட்சியாளர், யூசுப் கரமன்லி 1796இல் ஏறத்தாழ 56,000 டாலருக்கு, ஆண்டுக் கப்பம் இல்லாமல், உடன்பட்டவர். அல்ஜியர்ஸுக்கு எவ்வளவு போனது என்று தெரிந்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. நானும் ஓர் அரசன்தானே, எனக்கு மட்டும் ஏன் சில்லறை?

அல்ஜியர்ஸும் கொடுத்ததோடு விடவில்லை. 1800இல் "ஜார்ஜ் வாஷிங்டன்" என்ற கப்பலில் கப்பத்தைக் கொண்டுபோனார் கேப்டன் வில்லியம் பெயின்பிரிட்ஜ். இறக்கி முடித்ததும் உத்தரவு வந்தது: என் தூதரையும் உஸ்மானிய சுல்தானுக்கான பரிசுகளையும் ஏற்றிக்கொண்டு கான்ஸ்டான்டிநோபிள் போ. கப்பல் நின்றதோ கோட்டைப் பீரங்கிகளின் நேர்முகத்தில். அங்கே அமெரிக்கத் தூதரகத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? டாஃபினின் அதே ஓப்ரையன். அடிமையாக இருந்த ஊரிலேயே தம் நாட்டின் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்திருந்தார். மறுக்க வழியில்லை என்பது அவருக்குத் தெரியாததா? சிங்கம், புலி, ஆடு, மாடு, கிளி, அடிமைகள், தங்கம் எல்லாவற்றோடும், பாய்மர உச்சியில் அல்ஜியர்ஸ் கொடியோடும், ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் கிளம்பியது. இனி ஒருமுறை என்னைக் கப்பத்தோடு அனுப்பினால் பீரங்கி வாய்வழியாகத்தான் அதைக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று பெயின்பிரிட்ஜ் எழுதினார்.

1801இல் யூசுப் 2,25,000 டாலர் ரொக்கமும் ஆண்டுக்கு 25,000மும் கேட்டார். கிடைக்கவில்லை. மே 14 அன்று ஆட்களை அனுப்பித் தூதரக வாசலில் இருந்த கொடிமரத்தை வெட்டிச் சாய்த்தார். அங்கே போர் அறிவிப்பு என்றால் அதுதான். வெட்டு விழுவதைப் பார்த்து நின்ற தூதர், மரியாவின் மாலுமி காத்கார்ட்.

அடித்தபோது ஆன செலவு

அப்போது ஜனாதிபதி ஜெஃபர்சன். பதினைந்து ஆண்டுக்கு முன் எழுதிய கணக்கைச் செய்துபார்க்கும் வாய்ப்பு. முதல் சண்டையே நம்பிக்கை தந்தது. ஆகஸ்டில் "என்டர்பிரைஸ்" என்ற ஸ்கூனர் வகைச் சிறிய பாய்மரக் கப்பல், 14 பீரங்கி கொண்ட திரிப்போலிக் கப்பலை ஓர் ஆள்கூட இழக்காமல் அடித்து நொறுக்கியது. பிறகு? காங்கிரஸ் இன்னும் போருக்கு அதிகாரம் தரவில்லை என்பதால், பிடித்த கப்பலின் பீரங்கிகளைக் கடலில் தள்ளிவிட்டு, அதைப் போக விட்டார்கள். அடுத்த தளபதி மோரிஸ் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்த் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றினார். கடைசியில் பதவி போனது. இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின.

1803இல் எட்வர்ட் பிரெபிள் தளபதியாக வந்த பிறகுதான் திரிப்போலி முற்றுகை முற்றுகையாக இருந்தது. அந்த அக்டோபர் 31ஆம் நாளே பேரிழப்பும் வந்தது. "பிலடெல்பியா" என்ற ஃபிரிகேட், தப்பியோடிய படகு ஒன்றைத் துரத்திப் போய்த் திரிப்போலித் துறைமுக வாயிலில் பாறைத் திட்டில் ஏறிக்கொண்டது. பீரங்கிகளைக் கடலில் எறிந்தார்கள், முன்பாய்மரத்தை வெட்டினார்கள், அசையவில்லை. 307 பேர் சிறைப்பட்டார்கள். கேப்டன், பாவம், அதே பெயின்பிரிட்ஜ். அவர்கள் சரணடைந்த பின், காற்று திரும்பிக் கடல் பொங்கியபோது கப்பல் தானாக மிதந்தது.

எதிரி கையில் இருந்த அந்தக் கப்பலை 1804 பிப்ரவரி இரவில் கடற்படை அதிகாரி ஸ்டீபன் டிகேட்டர் புகுந்து எரித்துவிட்டு வந்த சாகசத்தை அமெரிக்கர்கள் இன்றும் விரும்பிச் சொல்வார்கள். கணக்கில் அதன் பொருள் சின்னது: பறிபோன கப்பல் எதிரிக்குப் பயன்படாமல் போனது, அவ்வளவுதான். 307 பேர் உள்ளேயே இருந்தார்கள். போர்ச் செலவுக்காக இறக்குமதிப் பொருள்மீது இரண்டரை சதவீதக் கூடுதல் வரி விதிக்க வேண்டியதாயிற்று. ஜெஃபர்சனின் 45,000 பவுண்டு எங்கோ போய்விட்டது.

செத்துப்போனதாக நினைத்த கூட்டணி யோசனை மட்டும் சத்தமில்லாமல் கொஞ்சம் உயிர்த்தெழுந்தது. தொடக்கத்தில் ஸ்வீடன் கப்பல்கள் முற்றுகையில் உடன் நின்றன. பிரெபிளின் தளம் சிசிலியின் சிராக்கூஸ். ஆகஸ்டில் திரிப்போலியைத் தாக்கியபோது அவர் முன்னே விட்ட பீரங்கிப் படகுகள் நேப்பிள்ஸ் அரசரிடம் கடனாக வாங்கியவை. ஆழமற்ற கரையில் பெரிய ஃபிரிகேட்டுகளால் நெருங்க முடியாது. சின்னப் படகு தேவை. அது அமெரிக்காவிடம் இல்லை.

கடைசியாக வந்த வழி எல்லாவற்றிலும் துணிச்சலானது: ஆட்சியாளரையே மாற்றுவது. யூசுப் துரத்திவிட்ட அண்ணன் ஹமெத்தை எகிப்தில் தேடிப் பிடித்தார், முன்பு துனிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் ஈட்டன். எட்டு அமெரிக்கக் கடற்படை வீரர்கள், கிரேக்கர்கள், அரபிகள், ஒட்டகங்கள். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து பாலைவனத்தில் ஏறத்தாழ 500 மைல். சம்பளத் தகராறில் படை பலமுறை நின்றது. 1805 ஏப்ரல் 27 அன்று, கடலிலிருந்து மூன்று கப்பல்கள் சுட, திரிப்போலி ஆட்சியில் இருந்த தெர்னா நகரம் விழுந்தது. செலவோடு ஒப்பிட்டால் இதைப் போல் பலன் தந்தது இந்தப் போரில் வேறில்லை.

ஆனால் ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதி டோபியாஸ் லியர் திரிப்போலியில் சமாதானம் பேசி முடித்துவிட்டார். ஆண்டுக் கப்பம் இல்லை. கைதிகளை மாற்றிக்கொண்டதில் அமெரிக்கத் தரப்பில் ஆள் அதிகம் என்பதால் 60,000 டாலர். நான்கு ஆண்டுப் போருக்குப் பின்னும் பணம் கைமாறத்தான் செய்தது. ஈட்டன் கொதித்தார். ஆனால் 2,25,000 கேட்டவர் 60,000த்துக்கு இறங்கியதும், ஆண்டுக்கு 25,000 என்ற வரியே அழிந்ததும் கப்பலால் வந்தவை. 1801க்குப் பிறகு நான் ஜெஃபர்சன் பக்கம் மாறுவது அதனால்தான். 1815இல் டிகேட்டர் பெரிய படையோடு அல்ஜியர்ஸ் போனபோது சில வாரங்களில் கப்பம் முழுதாக ஒழிந்து, அல்ஜியர்ஸே 10,000 டாலர் இழப்பீடு தந்தது. கப்பல் போதுமான அளவு இருந்தால் போர் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

தெர்னாவுக்குத் திரும்புவோம். சமாதானம் ஆனதால் நகரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. தாக்கப் போகிறோம் என்று ஊரை நம்பவைத்து, ஜூன் மாத இரவில் முதலில் கிரேக்கர்களும் பீரங்கிகளும், பிறகு ஹமெத்தும் அவருடைய நெருங்கிய ஆட்களும், கடைசியில் ஈட்டனும் "கான்ஸ்டெலேஷன்" கப்பலுக்குப் படகேறினார்கள். ஹமெத்தை நம்பி அண்ணன் கட்சியில் சேர்ந்த ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்து கரைக்கு ஓடிவந்தபோது படகுகள் எட்டாத தூரம் போயிருந்தன. அவர்கள் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.